மூன்று நாள் ஸ்டேஷனில் இருந்ததற்கு ஒரு சீட்டு

1988. நான் எஸ்.ஐ. ஆகி ஒரு வருடம்கூட முடியவில்லை. டெல்டா பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். ஆற்றங்கரைத் தோப்புகளில் தண்ணீர் மோட்டார்கள் வரிசையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒருவரைச் சந்தேகத்தில் தூக்கி வந்தோம். லாக்கப்பில் வைத்தால் பதிவு போட வேண்டும். அதனால் ரைட்டர், அதாவது ஸ்டேஷன் பதிவுகளை எழுதும் ஏட்டு, உட்காரும் அறைக்குப் பின்னால், பழைய சைக்கிள்கள் கிடந்த இடத்தில் வைத்தோம். மூன்று ராத்திரி. அடி விழுந்தது. நான் கை வைக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் உட்கார்ந்து டைரி எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்காம் நாள் விடியற்காலை 5.30 மணிக்கு, பஸ் ஸ்டாண்டில் ‘சந்தேகத்துக்கு இடமாக நின்றவரைப் பிடித்து விசாரித்ததில்’ என்று கைது காட்டினோம். எழுதியது ரைட்டர். கையெழுத்து என்னுடையது.

அவருடைய மனைவி மூன்று நாளும் ஸ்டேஷன் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். கணவரை ரிமாண்டுக்கு ஏற்றி அனுப்பிய பிறகு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அழப்போகிறார், இல்லை சாபம் விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“ஐயா, மூணு நாளா நான் இங்கதான் இருந்தேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. மேஸ்திரி நம்ப மாட்டேங்கிறாரு. வேற ஆள வச்சிட்டாரு.”

என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. எங்கள் ரெக்கார்டுபடி அவருடைய கணவர் அன்று காலைதான் ஸ்டேஷனுக்குள் வந்தார். அப்படியென்றால் இந்தம்மா மூன்று நாளாக வாசலில் எதற்கு உட்கார்ந்திருந்தார்? “அப்படியெல்லாம் குடுக்கறதில்லம்மா, போங்க” என்றேன். போய்விட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் காக்கி போட்டிருக்கிறேன். துப்பாக்கிச் சூடு, சாதிக் கலவரம், தேர்தல் எல்லாம் பார்த்தாயிற்று. ‘காவல்துறையில் நேர்மை’ என்று பேசச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சீட்டுதான்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடுதலை. மோட்டாரைக் கைப்பற்றியதற்கான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, “ஸ்டேஷனுக்குக் கூப்டாங்க, போட்டேன்” என்றார். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று அப்போதிருந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது. நாங்கள் நம்பியிருந்தது, சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும் என்ற 27-வது பிரிவை, அதாவது பிடிபட்டவர் சொல்லித்தான் மோட்டார் கிடைத்தது என்பதை. டீக்கடைக்காரரோடு அதுவும் போயிற்று. ஈயம் பூசுகிறவர்தான் திருடினாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அந்த மூன்று ராத்திரியால் தெரிந்துகொள்ளக்கூடிய வாய்ப்பையும் நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

அந்த ஸ்டேஷனின் ரைட்டர் ஏட்டையா ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். ஒருநாள் ஜி.டி., அதாவது ஸ்டேஷனில் நடப்பதை நேரத்தோடு குறிக்கும் பொது டைரி, எழுதிக்கொண்டே சொன்னார்: “ஒரு பொய் நேரம் எழுதிட்டா அதுக்கு ஏத்த மாதிரி பத்து நேரம் எழுதணும் சார்.” எனக்கு அப்போது அது வெறும் அலுப்பாகத்தான் பட்டது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசலில் காவல் நிற்கும் பாராக்காரரின் பாரா புத்தகத்தில் ஒரு நேரம், ஜீப் லாக் புத்தகத்தில் ஒரு நேரம், கைது பண்ணப் போனவரின் பாஸ்போர்ட்டில், அதாவது டூட்டிக்கு அனுப்பும் சீட்டில் ஒரு நேரம், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ஒரு நேரம், கேஸ் டைரியில் ஒன்று, ரிமாண்ட் ரிப்போர்ட்டில் ஒன்று. முதல் நேரம் பொய்யாக இருந்தால் இத்தனை பேரும் பொய் எழுத வேண்டும். எழுதிய பிறகு இத்தனை பேரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது. இதற்கு எங்கள் ஆட்கள் ‘ஒற்றுமை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரசியல் சட்டம் 22-வது கூறு சொல்லும் 24 மணி நேரம் எல்லோருக்கும் தெரியும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். நாங்கள் அதை என்றைக்கும் மீறியதாக எங்கள் புத்தகத்தில் இருக்காது. ஏனென்றால் கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது என்பது எங்கள் கையில் இருந்தது. மேற்கு வங்கத்தில் இலவச சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே. பாசு 1986-ல் லாக்கப் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். கைது செய்யும்போதே மெமோ, அதில் நேரமும் தேதியும், குடும்பத்தாரோ அந்த இடத்துப் பெரிய மனிதர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே குறிப்பு, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று பதினோரு கட்டளைகள். எல்லா ஸ்டேஷன் சுவரிலும் அதைப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவருக்குக் கீழேயே பெஞ்சில் ‘விசாரணைக்கு வந்தவர்’ உட்கார்ந்திருப்பார். அவர் கைதும் இல்லை, விருந்தாளியும் இல்லை. பதினோரு கட்டளையும் தொடாத ஒரு மூன்றாவது சாதி.

இப்போது நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். இதில் நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால் கொஞ்சம் எச்சரிக்கையாகப் படியுங்கள்.

2005. ஒரு பெரிய வீட்டில் 62 பவுன் காணவில்லை. வீட்டுக்காரர் மேலிடத்துக்கு வேண்டியவர். காலை ஒன்பது மணிக்குள் மூன்று போன் வந்துவிட்டது. மூன்றிலும் ஒரே பேச்சு: “வேலைக்காரிதான்யா. தூக்கிட்டு வந்து ராத்திரி வச்சுக் கேட்டா வந்துடும்.” முதலில் எப்.ஐ.ஆர். போட்டேன். அதற்கே மேலிருந்து முணுமுணுப்பு. பொருள் கிடைத்த பிறகு எப்.ஐ.ஆர். போட்டால் கண்டுபிடித்த கேஸ், முன்னாலேயே போட்டுக் கிடைக்காமல் போனால் மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டிய கேஸ். (புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். என்ற ஒப்புகை ரசீது மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி தீர்ப்பு 2013-ல் அடித்துச் சொன்ன பிறகும் அந்த வேர் சாகவில்லை.)

அந்தப் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று குற்ற விசாரணை முறைச் சட்டம் 160-ல் அப்போதே இருந்தது. பகலில், ஒரு பெண் எஸ்.ஐ.யோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் பேசினேன். சம்பவம் நடந்ததாகச் சொன்ன இரண்டு நாளும் அவர் ஊரில் இல்லை, தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், சரியாக இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் நகை இருந்ததா இல்லையா என்று வீட்டுக்காரரே உறுதியாகச் சொல்லவில்லை. ஆக அந்தப் பெண் சுத்தம் என்று சத்தியம் பண்ண என்னாலும் முடியாது. க்ரைம் டீமைக் கூப்பிட்டு, “அந்தம்மாவ யாரும் கூட்டிட்டு வரக் கூடாது” என்றேன். விரல்ரேகை எடுத்தோம், நாய் பஸ் நிறுத்தம் வரை ஓடி நின்றது, அடகுக்கடைகளில் அலைந்தோம். ஒன்றும் இல்லை.

ஏழு மாதத்தில் எனக்கு மாறுதல் வந்தது. அதற்குள் விளக்கம் கேட்டு இரண்டு மெமோ.

எனக்குப் பின் வந்தவர் இரண்டாவது வாரமே அந்தப் பெண்ணின் கணவரைத் தூக்கினார். பிறகு அந்தப் பெண்ணையும். 11 பவுன் ‘ரெக்கவரி’ ஆனது. நகை உங்களுடையதுதானா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் ஆமாம் என்றார். அடகுக்கடைக்காரர்களை மிரட்டி வாங்கிக் கணக்குக் காட்டுவது எங்கள் துறையில் புதிது இல்லை. இதுவும் அப்படியா, இல்லை உண்மையாகவே அவர்கள்தான் எடுத்தார்களா, எனக்குத் தெரியவில்லை. “நீங்க கோட்டை விட்டத அவர் பிடிச்சார் பாருங்க” என்று ஒரு கல்யாண வீட்டில் பழைய டி.எஸ்.பி. ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

இதில் என் தப்பு என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு வருடங்கள் ஆயின. ராத்திரி தூக்கிவரச் சொன்ன உத்தரவு வாய் வார்த்தையாக வந்தது. அதை மறுத்த என் உத்தரவும் வாய் வார்த்தைதான். ஆஸ்பத்திரியில் விசாரித்ததை, அந்தப் பெண் அந்த இரண்டு நாளும் ஊரில் இல்லை என்பதை, நான் கேஸ் டைரியில் ஒரு வரியில் முடித்திருந்தேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலை இணைக்கவில்லை, நர்ஸின் வாக்குமூலம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்து வந்தவர் அந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போயிருக்க முடியும். தாண்டினாலும் கோர்ட்டில் அது அவர் எதிரிலேயே வந்து நின்றிருக்கும். என் நேர்மை என் மாறுதல் உத்தரவோடு பெட்டி கட்டிக்கொண்டு என்னுடனே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அதனால் ஏழு மாதம் கிடைத்தது, அவ்வளவுதான்.

2012-ல் டி.எஸ்.பி. ஆனபோது உட்கோட்டத்தில் ஆறு ஸ்டேஷன். முதல் ரோல் காலில் நான் நியாயம் பேசவில்லை. பேசினால் எல்லோரும் விறைப்பாக நின்று கேட்பார்கள், வெளியே போய் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இரண்டே விஷயம் சொன்னேன். எந்த ஆள் ஸ்டேஷன் படி ஏறினாலும் ஏறிய நேரம் ஜி.டி.யில் இருக்க வேண்டும். மேலிருந்து யார் போனில் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும் சேர்த்து, ‘இத்தனை மணிக்கு இன்னார் தொலைபேசியில் இவ்வாறு சொன்னார்’ என்று எழுத வேண்டும். இரண்டாவதுதான் நன்றாக வேலை செய்தது. “எழுதிக்கிறேன் ஐயா” என்று இன்ஸ்பெக்டர் பணிவாகச் சொன்னாலே போதும், பாதிப் போன்கள் “சரி சரி, நீங்களே பாத்துக்கங்க” என்று முடிந்துவிடும். மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்ல எல்லோருக்கும் தைரியம் வராது. வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை, பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. எழுதிக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு அவ்வளவு தைரியம் வேண்டாம்.

எழுதுகிறார்களா என்று பார்ப்பது தனி வித்தை. ஜி.டி.யை வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். நான் வாசலில் செருப்புகளை எண்ணுவேன். உள்ளே வருகிற ஊர்க்காரர்கள் பழக்கத்தில் வாசலில் கழற்றிவிடுவார்கள். எட்டு ஜோடிச் செருப்பு இருந்து, ஜி.டி.யில் மூன்று பேர் இருந்தால் மீதிப் பேர் எங்கே? எதிர் டீக்கடையில் நேற்று ராத்திரி எத்தனை பார்சல் இட்லி உள்ளே போனது என்று கேட்டாலும் தெரிந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு லேண்ட்லைனில் கூப்பிட்டால் பாராக்காரர்தான் எடுப்பார். “உள்ள எத்தன பேர்?” இன்ஸ்பெக்டரிடம் கேட்டால் யோசித்துச் சொல்வார். பாரா யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு ராத்திரி ஒரு பெண் காவலர் சொன்னார்: “ரெண்டு பேர் இருக்காங்க ஐயா. புத்தகத்துல இல்ல.” வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இருந்தார்கள். அனுப்பி வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கோபத்தில் எஸ்.ஐ.யிடம், “பாராவுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?” என்று கத்திவிட்டேன். அடுத்த எட்டு மாதம் அந்தப் பெண்ணுக்கு விழுந்தது எல்லாம் பந்தோபஸ்து டூட்டி. திருவிழா, பொதுக்கூட்டம், மந்திரி வருகை. கைக்குழந்தைக்காரர். எனக்குத் தெரிய வந்தபோது அவர் வேறு மாவட்டத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையைச் சொன்னவர் பெயரை வெளியே விடாமல் காப்பது மேலே இருப்பவனின் வேலை, அதை நான் செய்யவில்லை. அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தாலும் முதலில் வேறு இரண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத்தான் போவேன், ஏதோ ரவுண்ட்ஸில் தற்செயலாக வந்தது மாதிரி.

நான் ஓய்வுபெற்ற மறுவருடம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, 2020 ஜூன் 19 அன்று ஸ்டேஷனுக்குப் போன ஜெயராஜும் பென்னிக்ஸும் நான்கு நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே கேமரா இருந்தது, பதிவு தினமும் தானாகவே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது. கடிகாரம் மட்டும் இல்லை, கேமராவும் எங்கள் சொல்பேச்சுக் கேட்கும். அன்று ராத்திரி டூட்டியில் இருந்த ஏட்டு ரேவதி என்ன பார்த்தார் என்பதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். பயந்து பயந்துதான் கையெழுத்துப் போட்டார் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். எனக்கு என் பாராக்காரப் பெண்ணின் எட்டு மாதம்தான் ஞாபகம் வந்தது.

2025 ஜூனில் மடப்புரம். கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்ததும் நகைக்காகத்தான். எப்.ஐ.ஆர். பதிவதற்கு முன்பே ஒருவர் தனிப்படை கையில் எப்படிப் போனார், யார் சொல்லிப் போனார் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. செய்தியைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு 2005-ல் வந்த மூன்று போன் காதில் கேட்டது. தனிப்படை என்பது ஸ்டேஷனுக்குச் சொந்தமில்லாத கூட்டம். அவர்களுக்குப் பாரா இல்லை, ஜி.டி. இல்லை. எங்கேயோ ஒரு மாட்டுத் தொழுவத்தின் பின்னாலோ விடுதி அறையிலோ நடப்பதற்கு நேரம் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. ஒரு எஸ்.பி. தனிப்படை அமைக்கத்தான் வேண்டுமென்றால், அவர்கள் பிடிக்கிற ஆள் எந்த ஸ்டேஷன் புத்தகத்தில் ஏறுவார் என்பதை அமைக்கிற உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.

மாவுக்கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகக் கையில் கட்டுப் போட்ட ரவுடியின் படம் போனில் வந்தால் சிரித்து, கைதட்டி, நாலு பேருக்கு அனுப்புகிறோம். என் வீட்டுக் குரூப்பிலேயே வருகிறது. எங்கள் பாத்ரூம்கள் அவ்வளவு வழுக்கும் என்றால் முதலில் காவலர்கள் அல்லவா கை ஒடிந்து கிடக்க வேண்டும். மக்கள் கைதட்டுகிறவரை ஒரு இளம் எஸ்.ஐ.க்கு நான் என்ன பாடம் எடுத்தாலும் ஏறாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. அடையாளம் தெரியாத பிணம் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும், தூக்க ஆள் வேண்டும், துணி வேண்டும். உடனே கையில் காசு வேண்டும். அரசாங்கப் பணம் பில் போட்டு வரும், எப்போதோ. பேப்பர், பிரிண்டர் மை, குற்றவாளியை வெளிமாநிலத்துக்குத் தேடிப்போகிற டிக்கெட், எல்லாம் இப்படித்தான். ரைட்டர் ‘பாத்துக்கறேன் ஐயா’ என்பார். எங்கிருந்து பார்த்துக்கொள்கிறார் என்று இன்ஸ்பெக்டர் கேட்க மாட்டார். மணல் லாரிக்காரரோ பார் நடத்துகிறவரோ கொடுத்திருப்பார். அடுத்த மாதம் அவர் மேல் புகார் வரும்போது பிணத்துக்குக் கொடுத்த வண்டி வாடகை நினைவில் நிற்கும். நான் டி.எஸ்.பி.யாக இருந்தபோது ஆறு ஸ்டேஷனிலும் மாதா மாதம் இந்தச் செலவை ஒரு நோட்டில் எழுதி, தொகையோடு எஸ்.பி. ஆபீஸுக்குக் கடிதம் போடச் சொன்னேன். எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. கொஞ்சம் வந்தது. மீதியை யார் தருகிறார்கள் என்பதாவது எனக்குத் தெரிந்தது.

2024 ஜூலை முதல் புதிய சட்டம். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும், நேரமும் இடமும் போனே பதிந்துகொள்கிறது. கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். நல்லதுதான். கொஞ்ச நாள் முன்பு, என்னிடம் பயிற்சி எஸ்.ஐ.யாக இருந்த ஒரு பையன் ராத்திரி கூப்பிட்டான். இப்போது இன்ஸ்பெக்டர். ஏதோ பதவி உயர்வு சந்தேகம். பேச்சோடு பேச்சாக, “இப்பல்லாம் போனே நேரம் போட்டுடுதாமே, உங்களுக்குச் சிரமம்தான்” என்றேன்.

“அதனால ஆள கூட்டிட்டு வர்றப்ப எடுக்கறதில்ல ஐயா. அரெஸ்ட் காட்டறப்பதான் எடுக்கறோம்.”

சாதாரணமாகத்தான் சொன்னான். நான் கேட்டேன், “இப்ப உள்ள யாராவது இருக்காங்களா?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“ஒருத்தர் இருக்காரு ஐயா. பைக் கேஸ்.”

“எப்ப வந்தாரு?”

“ஒம்பதே காலுக்கு.”

“வீட்டுக்குச் சொல்லியாச்சா?”

“இல்லங்கய்யா. அவங்க அம்மா வெளிய இருக்காங்கன்னு நினைக்கறேன்.”

“ஜி.டி. போடு.”

“சிஸ்டத்துல ஏத்திட்டா எஸ்.பி. ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சிடும் ஐயா.”

“தெரியட்டும். அந்தம்மாவ உள்ள கூப்ட்டு உக்கார வச்சிட்டுப் போடு.”

நான் ரிட்டயர்டு ஆள். அவன் போனை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, யாரையோ கூப்பிட்டான், பிறகு டைப் அடிக்கும் சத்தம். அவன் வரியை வாசித்துக் காட்டும்வரை லைனிலேயே இருந்தேன். 21.15 என்றுதான் போட்டிருந்தான்.